வென்ற போரில் நாட்டை இழந்தவர்கள்

1946ஆம் ஆண்டு யூன் 8ஆம் திகதி இலண்டன் மாநகரில் மாபெரும் வெற்றி அணிவகுப்பு நடைபெற்றது. ஹிட்லரை வீழ்த்திய நேச நாடுகளின் படையினர் பலர் அதில் நடைபோட்டனர். ஆனால், முதல் நாளிலிருந்தே போரிட்ட போலந்தின் படையினரை அங்கே காணமுடியவில்லை. பிரித்தானிய விமானப்படையுடன் இணைந்து பறந்த போலந்து விமானிகளில் 25 பேருக்கு மட்டும் அழைப்பு விடுக்கப்பட்டது. தரைப்படையிலும் கடற்படையிலும் போரிட்ட தோழர்களுக்கு இடமில்லையெனில் தமக்கும் வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டனர்.

அந்த விமானிகளின் பெருமைக்கு அடித்தளம் இட்டது 303ஆவது படையணி. 1939 செப்டெம்பரில் ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது, விமானிகள் பலர் ருமேனியா வழியாகத் தப்பிப் பிரான்சை அடைந்தனர். பிரான்சும் வீழ்ந்ததும் பிரித்தானியாவுக்கு வந்தனர். 1940 ஓகஸ்ட் 2ஆம் திகதி, இலண்டனுக்கு மேற்கேயுள்ள நோர்த்தோல்ட் விமானத் தளத்தில் 303 உருவாக்கப்பட்டது. போலந்தின் விடுதலை வீரர் கொஸ்யூஸ்கோவின் பெயரை அது தாங்கி நின்றது.

தொடக்கத்தில் பிரித்தானியருக்கு இவர்கள்மீது அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. ஆங்கிலம் தெரியாதவர்கள், சக்கரங்களை உள்ளிழுக்கும் ஹரிக்கேன் போன்ற விமானங்களுக்குப் பழகாதவர்கள். ஆயின், போர் அனுபவமோ பிரித்தானிய இளைஞர் பலரிலும் மிகுதியாக இவர்களிடம் இருந்தது. ஓகஸ்ட் 30ஆம் திகதி பயிற்சிப் பறப்பின்போது பஸ்கியேவிச் என்னும் விமானி அணியை விட்டு விலகிச் சென்று ஜேர்மன் விமானமொன்றைச் சுட்டு வீழ்த்தினார். மறுநாளே படையணி களமிறக்கப்பட்டது.

எதிரியை மிக அண்மையில் நெருங்கிச் சுடுவதே இவர்களது வழக்கம். ஏறத்தாழ ஆறு வாரங்களில் 126 விமானங்களை வீழ்த்தியதாகப் படையணி கணக்குக் காட்டியது. பிற்கால ஆய்வாளர்கள் இந்தத் தொகையைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். அப்படியிருந்தும் அப்போரின் தலைசிறந்த படையணிகளுள் ஒன்றாகவே 303 கணிக்கப்படுகின்றது. விலையும் சிறிதன்று. பஸ்கியேவிச் செப்டெம்பர் 27ஆம் திகதி வீழ்ந்தார். 17 விமானங்களை வீழ்த்தியவராக மதிக்கப்பட்ட, செக் நாட்டவரான பிரான்டிசெக், ஒக்டோபர் 8ஆம் திகதி விபத்தில் மாண்டார்.

போரின் எஞ்சிய ஆண்டுகளிலும் 303 பறந்தது. ஆனால், 1945 பெப்ரவரியில் யால்டாவில் சேர்ச்சில், ரூஸ்வெல்ற், ஸ்டாலின் ஆகிய மூவரும் கூடியபோது போலந்தின் தலைவிதி போலந்து மக்களைக் கேளாமலே எழுதப்பட்டது. நாட்டின் கிழக்குப் பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. அவ்வாண்டு யூலையில் பிரித்தானியா, இலண்டனிலிருந்த போலந்து அரசுக்கு வழங்கிவந்த அங்கீகாரத்தை விலக்கி, மொஸ்கோவின் பிடியிலிருந்த வார்சோ அரசை ஏற்றுக்கொண்டது.

போர் முடிந்த பின்னரும் 303 மஸ்டாங் விமானங்களுடன் ஒன்றரை ஆண்டு இயங்கியது. எந்த நாட்டுக்காக என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. 1946 டிசெம்பரில் அது கலைக்கப்பட்டது. பிரித்தானியாவிலேயே தங்க விரும்பியவர்களுக்கு 1947இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றியது. தாயகம் திரும்பியோருக்கு வேறு விதமான வரவேற்புக் காத்திருந்தது. போலந்தின் புகழ்பெற்ற போர் விமானி ஸ்கால்ஸ்கி 1947இல் திரும்பினார். மறு ஆண்டு கைதாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டபின் 1956இல்தான் விடுதலையானார். 303ஐ வழிநடத்திய உர்பனோவிச்சும் தாயகம் சென்று கைதானவரே. விடுதலையானதும் அமெரிக்காவுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார்.

வல்லரசுகளுக்குத் தேவையிருக்கும்வரை வீரர்களுக்குப் புகழ்மாலை கிடைக்கும். தேவை தீர்ந்தபின், வரைபடத்தில் கோடு கீறும் மேசையில் அவர்களுக்கு ஆசனம் கிடைப்பதில்லை. இலண்டனில் இயங்கிய புலம்பெயர் அரசு, தன் அதிகாரச் சின்னங்களை வார்சோவில் சனாதிபதி வலேசாவிடம் கையளிக்க 1990 டிசெம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேற்கு இலண்டனில் ஏ40 நெடுஞ்சாலை வழியே செல்லும் நம்மவர்கள், நோர்த்தோல்ட் தளத்தின் அருகே கழுகுச் சிலையுடன் கூடிய நினைவுத்தூணைக் கண்டிருப்பர். 1948இல் திறக்கப்பட்ட அத்தூணில், போரில் மடிந்த போலந்து விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சற்று நின்று அப்பெயர்களைப் பாருங்கள்.