சர்க்கரைக்கு எழுப்பிய சுங்கச் சுவர்

நீங்கள் காப்பியில் கலக்கும் சர்க்கரையின் வரலாற்றில் கோயமுத்தூருக்கும் பங்கு உண்டு. 1912இல் இங்கு தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 'வெள்ளை' என்னும் தடித்த கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து 'கோ 205' உருவாக்கப்பட்டது. அது வட இந்தியாவிலும் செழித்தது.

ஆயினும் அந்நாளில் ஜாவாச் சர்க்கரை ஏராளமாக இறக்குமதியாயிற்று. உள்நாட்டு ஆலைகளைக் காக்க, 1932இல் அரசு பாதுகாப்புச் சட்டம் இயற்றி, ஓர் அந்தருக்கு (சுமார் 51 கிலோ) 7 ரூபாய் 4 அணா தீர்வை விதித்தது.

தீர்வை கூடினால் இறக்குமதிச் சரக்கு மட்டுமா விலை ஏறும்? உள்நாட்டு ஆலையும் அதையொட்டியே விலை வைக்கலாம். அந்தச் சுமை வாங்குவோர் தலையில்தான் விழும்.

சில ஆண்டுகளிலேயே, முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் நூற்றுக்கு மேல் பெருகின. போட்டி மூண்டது, விலை சரிந்தது. உடனே 1937இல் ஆலைகள் சிண்டிகேட் அமைத்து, ஒன்றுகூடி விலையைத் தாங்கிப் பிடிக்க முற்பட்டன.

சுவர் தொழிலை வளர்த்தது உண்மையே. ஆனால் வாங்குவோருக்குக் கிடைத்த நன்மை, நல்ல கரும்பாலும் சுவருக்குள் நடந்த போட்டியாலும் வந்ததாகும். எனவே, ஒரு தொழிலுக்குப் பாதுகாப்பு கேட்கப்படும்போது, உள்ளே போட்டி இருக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும்.