எங்கள் வீட்டு மாண்டலின்

ஜூபிலி மலருக்காகப் பாடகர் குழுவின் பழைய வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். முழு வரலாற்றை எழுதும் தகுதி எங்களுக்கில்லை. ஆயினும், அக்குழுவில் ஒரு காலத்தில் ஒலித்து, பின்னர் நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு மாண்டலினைப் பற்றி நாங்கள் சொல்லலாம். அதையே பங்கு மக்கள் முன் வைக்கிறோம்.

தாத்தா அதைக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில், வீடு வீடாகக் கீதம் பாடிச் செல்லும்போது வாசிப்பார். திருப்பலியில் வாசிக்கமாட்டார். அதற்குக் காரணம் அக்காலத் திருச்சபை ஒழுங்கு. 1903 நவம்பர் 22, புனித செசிலியம்மாள் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் ஆலய இசையைப் பற்றி ஒரு கட்டளை மடல் வெளியிட்டார். ஆர்கன் இசைக்கலாம், பிற கருவிகளுக்கு ஆயரின் அனுமதி வேண்டும், பியானோவும் மேளதாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளும் கூடாது என்பது அதன் சாரம். மாண்டலினை அதில் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனாலும் கேளிக்கைக் கருவி என்று எண்ணப்பட்டதை ஆலயத்துக்குள் கொண்டுவர யார் துணிவார்? 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டு, புனிதப் பயனுக்கு ஏற்ற பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. அதன் பிறகே தாத்தாவின் மாண்டலின் ஆலயப் படியேறியது. அப்போது அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்று பாட்டி சொல்வதுண்டு.

பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டியைத் திறந்தோம். புளித்த நெடி மூக்கில் ஏறியது. அதனூடே மெல்லிய கற்பூர மணம். தந்திகள் துருப்பிடித்து அறுந்திருந்தன. பித்தளைச் சாவிகளில் பச்சைக் களிம்பு. துளைக்குக் கீழே, மீட்டும் வில்லை பலகையைக் கீறாமலிருக்கப் பதித்திருக்கும் காப்புத் தகடு சுருங்கி, நூறு கீறல் விட்டு, ஓரங்களில் பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. தொட்ட விரலில் மஞ்சளாய் ஒட்டியது. "இது இனி எதுக்கு? அடுப்புல போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றார் உறவினர் ஒருவர்.

அந்தச் சொல் எங்களுக்கு வேறொன்றை நினைவூட்டிற்று. உ. வே. சாமிநாதையர் பழஞ்சுவடிகளைத் தேடி நம் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தார். பாண்டிய மன்னர் சேர்த்து வைத்த ஏடுகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவருக்கு, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் கிடைத்தது. அவர் தம் சுயசரிதையில் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஏடுகளை இட்டவர்களும் மரியாதை கருதியே செய்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் நம் ஊரில் இன்னொரு பழம்பொருள் நெருப்புக்குப் போக வேண்டாமென்று எங்களுக்குத் தோன்றியது. பிறகு பார்த்தால், அடுப்பில் போட்டிருந்தால் ஆபத்தாகவும் முடிந்திருக்கும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், இது யார் செய்த கருவி? "இத்தாலி நாட்டு மாண்டலின், நேப்பிள்ஸ் நகரத்து வேலை" என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லி வளர்ந்தோம். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வீணைக் குடம்போல் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்த உருண்ட முதுகு. இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். பலகையோடு மட்டமாகப் பதித்த காப்புத் தகடு. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சனின் பெயரால் 1902-இல் தொடங்கிய கம்பெனியின் மாண்டலின்கள் வேறு விதம். அவற்றின் முதுகு குடம்போல் உருண்டிராது. காப்புத் தகடும் பலகையைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்கும். பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததோ மின் மாண்டலின். ஆகவே எங்களுடையது நேப்பிள்ஸ் வகை என்பதில் ஐயமில்லை. ஆனால் வகை வேறு, பிறந்த ஊர் வேறு.

துளைக்குள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பூச்சி அரித்ததில் ஊர்ப் பெயரில் ஆங்கில எழுத்துகளான 'என்', 'ஏ' இரண்டும், ஓர் ஓட்டை தாண்டி 'ஓ'-வும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. நேப்பிள்ஸை இத்தாலியர் 'நாப்போலி' என்று எழுதுவர். அந்த எழுத்துகள் அதற்குப் பொருந்தின. தாத்தாவும் அப்படித்தான் வாசித்திருப்பார். நாங்கள் மென்தூரிகையால் தூசியைத் தட்டி, கைபேசி விளக்கையும் பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தோம். கடைசி இரண்டு எழுத்துகள் 'ஒய்', 'ஏ'. அது நாப்போலி இல்லை, நகோயா! மேல் வரியில் மங்கலாக 'சுஸுகி' என்று இருந்தது.

ஜப்பானின் நகோயா நகரில் மாசாகிச்சி சுஸுகி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வயலின் செய்யத் தொடங்கி, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மாண்டலினும் செய்தார். முதல் உலகப்போரில் ஜெர்மானியச் சரக்கு நின்றபோது அவருடைய தொழிற்சாலை பெரிதாக வளர்ந்தது. இத்தாலி போயிற்றே என்று வீட்டில் சிலருக்கு முகம் வாடியது. அவர்களுக்காக ஒரு செய்தி: மாசாகிச்சியின் மகன் ஷினிச்சி சுஸுகி, சிறு பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறையால் உலகப் புகழ் பெற்றவர், ஜெர்மானியப் பெண்ணொருவரை மணந்து கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தவர். பெரியப்பா இதைக் கேட்ட பிறகுதான் சமாதானமடைந்தார்.

இனிக் காப்புத் தகடு. பழைய நாளில் இதை ஆமை ஓட்டில் செய்தார்கள். ஆமை ஓடு அரிதானதால் அதைப்போல் தோற்றமளிக்கும் செல்லுலாய்டு வந்தது. 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் உருவாக்கிய பொருள் அது. நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சும் கற்பூரமும் சேர்ந்தது. பழைய சீப்பு, பொம்மை, சினிமாப் பிலிம் எல்லாம் இதுவே. மேசைப்பந்தும் 2014 வரை இதில்தான் வந்தது. காலப்போக்கில் கற்பூரம் ஆவியாகிவிடும். தகடு சுருங்கி வெடிக்கும். பிறகு அமில ஆவி கிளம்பும். மழைக்கால ஈரத்தில் அது நைட்ரிக் அமிலமாகிப் பக்கத்திலிருக்கும் உலோகத்தைத் தின்னும். மூடிய பெட்டியில் ஆவி வெளியேற வழியில்லை. நாங்கள் 'பத்திரமாக' மூடி வைத்ததே தந்தியையும் சாவியையும் கெடுத்தது என்பதை அறிந்தபோது வருத்தமாயிருந்தது.

இன்னொன்று: செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பதெல்லாம் கூடாது. தின்னர் தொட்டாலும் அது கரையும். பலகையின் மெருகும் கூடவே போகும்.

சங்கரன்கோவில் பக்கமுள்ள ஒரு மர ஆசாரியிடம் கொண்டுபோனோம். முதலில் அவர் செய்தது, குதிரை நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டதுதான். தந்தி தலைப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை ஆறரை அங்குலம். அங்கிருந்து குதிரைக்கும் அதே ஆறரை. இது பிசகினால் சுருதி சேராது. பிறகு மெல்லிய தகட்டுக் கத்தியால் பழைய செல்லுலாய்டைத் துண்டு துண்டாக நெம்பி எடுத்தார். காற்றோட்டமான முற்றத்தில்தான் வேலை. பீடி பிடிக்கிறவர்களை எழுந்து போகச் சொல்லிவிட்டார். குழியின் அச்சைத் தாளில் எடுத்து, மெல்லிய ஈட்டிச் சீவலை அந்த அளவுக்கு வெட்டினார்.

"பெவிகால் போட்டு ஒட்டிருங்களேன்" என்றோம்.

"வேண்டாம் அண்ணாச்சி. வஜ்ஜிரம்தான் சரி. நாளைக்கு ஒருத்தன் இதைக் கழத்தணும்னா வெதுவெதுப்பான தண்ணி போதும். பெவிகால்னா பலகையும் சேர்ந்துல்லா வரும்" என்றார்.

முழுவதும் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடிக்கலாமா என்ற ஆசையும் எங்களுக்கு இருந்தது. தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடம் கழுத்தருகே வெளுத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ஆசையை விட்டோம். எட்டுத் தந்திகளின் இழுப்பைப் பழைய பலகை தாங்க வேண்டுமே என்று மெல்லிய தந்திகளே போட்டோம். முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு பருமன்.

கழற்றிய துண்டுகளை வீட்டில் வைக்கவில்லை. அந்தத் தகட்டின் வடிவத்தை வரைந்த தாளும், சீட்டின் நிழற்படமும் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியின் மூடியில் ஆசாரி காற்றுக்காக நான்கு துளை இட்டுக் கொடுத்தார். வயலின் சுருதியில்தான் மாண்டலினும் என்பதால், பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் தம்பி ஒருவர் விரல் பழகி வருகிறார். இந்தக் கிறிஸ்து பிறப்புக் கீதத்துக்கு எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.