வல்கன்: பஞ்சர் கடை முதல் காணாமல் போன கிரகம் வரை

நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய லாரி டயரைத் தொங்கவிட்டிருக்கும் பஞ்சர் கடைகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கடை போர்டில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருக்கும். (எழுத்துப்பிழை மட்டும் கடைக்குக் கடை மாறும், அது வேறு கதை!) ரோமானியர்கள் 2000 வருடங்களுக்கு முன்பு கும்பிட்ட ஒரு கடவுளின் பெயர் அது. ஒரு தீவு, குண்டு போடும் விமானம், ராக்கெட், கனடாவில் ஒரு ஊர் என்று இந்தப் பெயர் போகாத இடம் இல்லை. இல்லவே இல்லாத ஒரு கிரகத்துக்கும் இதே பெயர்தான்.

சரி, யார் இந்த வல்கன்?

நெருப்புக்கும் உலைக்கும் உரிய கடவுள். கடவுள்களுக்கெல்லாம் ஆயுதம் அடித்துக் கொடுக்கும் கொல்லர். கிரேக்கர்களின் ஹெபஸ்டஸ் என்ற கடவுளையும் இவரையும் ரோமானியர்கள் ஒருவராகவே ஆக்கிவிட்டதால், அவருடைய நொண்டிக் காலும் குடும்பக் கஷ்டமும் இவருக்கு வந்து சேர்ந்தன. மனைவி வீனஸ், பேரழகி. அந்த வீனஸுக்கும் போர்க் கடவுள் மார்ஸுக்கும் தொடர்பு இருந்ததாகக் கதை. வானத்தில் வீனஸ் வெள்ளியாக இருக்கிறாள், மார்ஸ் செவ்வாயாக இருக்கிறான். கணவனுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோமானியர்கள் வல்கனிடம் வைத்திருந்தது அன்பு அல்ல, பயம். அவருடைய கோயிலை ஊர் மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் தீ பிடிக்கும் என்று விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் எழுதி வைத்திருக்கிறார். ஆகஸ்ட் 23 அன்று வல்கனுக்குத் திருவிழா. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்து, வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம். ஒரு பொறி போதும். அன்றைக்குச் சின்ன மீன்களை உயிரோடு நெருப்பில் போடுவார்கள், தங்கள் உயிருக்குப் பதிலாக. கி.பி. 79ல் பாம்பெய் நகரத்தை வெசூவியஸ் எரிமலை மூடியது ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள், அதாவது திருவிழாவுக்கு மறுநாள். 2018ல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரிக்கட்டி எழுத்தைப் பார்த்த பிறகு, அது அக்டோபராக இருக்கலாம் என்ற கருத்து வலுத்துவிட்டது. நல்ல கதைக்கு இப்படித்தான் ஆபத்து வரும்.

சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்று ஒரு சிறு தீவு. புகையும் கந்தக நாற்றமுமாக இருக்கும் அந்த மலைதான் வல்கனின் உலைக்களம், புகை அவருடைய புகைபோக்கி என்று நம்பினார்கள். கடைசியாக 1888 முதல் 1890 வரை வெடித்தது. இந்தத் தீவின் பெயர்தான் ஆங்கிலத்தில் வால்கேனோ ஆகி, உலகத்தில் உள்ள எரிமலைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆயிற்று. தமிழில் ‘எரிமலை’ என்ற அருமையான சொல் இருப்பதால் இந்த வழியாக வல்கன் தமிழுக்குள் வரவில்லை. அவர் வந்தது பஞ்சர் கடை வழியாக.

அந்தக் கதை சோகமானது. இயற்கை ரப்பர் வெயிலில் உருகி ஒட்டும், குளிரில் விறைத்து உடையும். இதைச் சரி செய்வேன் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் பைத்தியம் பிடித்தது போல அலைந்தார். கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். 1839ல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது, அது உருகாமல் தோல் போலக் கெட்டியானதைக் கண்டுபிடித்தார். ஆனால் காப்புரிமை வாங்கத் தாமதம் செய்துவிட்டார். அவருடைய ரப்பர் மாதிரிகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் கையில் கிடைத்தன. அவர் அதில் கந்தகம் இருப்பதைக் கவனித்து, தானும் முயன்று, அங்கே முந்திக்கொண்டு 1843ல் விண்ணப்பித்துவிட்டார். குட்இயருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1844ல். நெருப்பும் கந்தகமும் சேர்ந்த வேலை என்பதால் வல்கனின் பெயரை வைக்கலாம் என்று சொன்னவர் ஹான்காக்கின் நண்பர், ஓவியர் வில்லியம் ப்ராக்கடன். அதாவது கண்டுபிடித்தது ஒருவர், பெயர் வைத்தது போட்டியாளரின் நண்பர்! குட்இயர் 1860ல் சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு இறந்தார். குட்இயர் டயர் கம்பெனி 1898ல் வேறொருவர் தொடங்கியது. அவருடைய பெயரை வைத்தார்களே தவிர, அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது வானத்துக்கு வருவோம். இந்தப் பெயரின் கதையில் இதுதான் பெரிய பகுதி.

பிரான்ஸ் நாட்டு வானியலாளர் லெ வெரியே 1846ல் ஒரு காரியம் செய்தார். யுரேனஸ் கிரகம் கணக்குப்படி போகாமல் கொஞ்சம் விலகிப் போனது. அப்படியானால் அதை இழுக்கும் இன்னொரு கிரகம் வெளியே இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, இடத்தையும் குறித்து பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 23 அன்று கடிதம் கிடைத்த இரவே, அவர் சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது! டெலஸ்கோப்பைத் தொடாமலே கிரகத்தைக் கண்டுபிடித்த மனிதர் என்று உலகமே கொண்டாடியது.

அடுத்து புதன் கிரகத்தின் பக்கம் திரும்பினார். புதன் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மற்ற கிரகங்களின் இழுப்பைக் கணக்கில் சேர்த்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். ஆனால் 100 வருடத்துக்கு 38 விகலை மட்டும் மிச்சம் நின்றது (பிற்காலக் கணக்கில் 43). ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்குதான் விகலை. இத்தனை சின்ன வித்தியாசத்தை அவர் விடவில்லை. 1859ல் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்தார்: புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. ஒருமுறை பலித்த முறை மறுமுறையும் பலிக்கும் என்று அவர் நம்பியதைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த டிசம்பரில் லெஸ்கார்போ என்ற கிராமத்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் 26 அன்று ஒரு கரும்புள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்த்தாராம். லெ வெரியே சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்கே போய், யார் என்றும் சொல்லாமல் குறுக்கு விசாரணை செய்தார். டாக்டரிடம் விநாடி காட்டும் கடிகாரம் இல்லை. பட்டு நூலில் தந்தப் பந்தைக் கட்டி ஊசலாட்டி விநாடியை எண்ணியிருக்கிறார். கணக்கெல்லாம் மரப்பலகையில். பலகை நிறைந்ததும் இழைப்புளியால் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவாராம். உள்ளே போகும்போது சந்தேகத்தோடு போன லெ வெரியே, நம்பிக்கையோடு வெளியே வந்தார். டாக்டருக்கு பிரான்ஸின் உயரிய விருது. புதிய கிரகத்துக்கு வல்கன் என்று பெயர். சூரியனிலிருந்து சுமார் 2.1 கோடி கி.மீ., 19 நாள் 17 மணியில் ஒரு சுற்று. கொல்லருக்கும் கடைசியில் வானத்தில் இடம் கிடைத்துவிட்டது!

ஆனால் அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த லியே என்ற வானியலாளர், தன்னுடைய டெலஸ்கோப் அதைவிட நல்லது, அதில் எந்தப் புள்ளியும் தெரியவில்லை என்றார். 1877 மார்ச் 22ல் வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்று லெ வெரியே சொன்னார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அந்த வருடமே அவர் இறந்தார், செப்டம்பர் 23 அன்று. நெப்டியூன் அகப்பட்ட அதே தேதி! வல்கன் இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் போனார்.

1878 ஜூலை 29 சூரிய கிரகணத்தின்போது வாட்சன், ஸ்விஃப்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வல்கனைப் பார்த்துவிட்டதாக அறிவித்தார்கள். இருவரும் சொன்ன இடங்கள் ஒத்துப்போகவில்லை, சக விஞ்ஞானிகள் கிழித்து எறிந்தார்கள். வாட்சன் விடவில்லை. பகலிலேயே வல்கனைப் பிடிக்க, சொந்தப் பணத்தில் தரைக்கு அடியில் ஒரு ஆய்வுக்கூடம் கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள் 1880ல் இறந்துபோனார். பின்னால் வந்தவர் கட்டி முடித்துப் பார்த்தபோது அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையை புதனுக்குப் போட்டுப் பார்த்தார். விடை 43 விகலை, புதிய கிரகம் எதுவும் தேவையே இல்லை. சந்தோஷத்தில் தனக்கு நெஞ்சு படபடத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தப்பு கிரகத்தில் இல்லை, நியூட்டனின் விதியிலேயே ஒரு குறை இருந்தது.

கிரகம் போனாலும் பெயர் சும்மா இருக்கவில்லை. 1952ல் முதலில் பறந்த பிரிட்டனின் வல்கன் விமானம் அணுகுண்டு சுமக்கச் செய்யப்பட்டது. அது உண்மையான போரில் குண்டு போட்டது 1982ல், ஃபாக்லாந்து தீவில், சாதாரண குண்டுகளைத்தான். போக வர 12,000 கி.மீ.க்கு மேல் பறந்து முதல் நாள் போட்ட 21 குண்டுகளில் ஒன்றுதான் ஓடுபாதையில் விழுந்தது. அமெரிக்க வல்கன் ராக்கெட் 2024 ஜனவரியில் முதல்முறை பறந்தது.

இளைஞர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். 1966ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் சொந்த கிரகம் வல்கன். கோபமோ உணர்ச்சியோ இல்லாமல் தர்க்கம் மட்டுமே பேசும் மக்கள். நெருப்புக் கடவுளின் பெயரை இதற்கா வைப்பது! கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வல்கன் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. தொடருக்குப் பல வருடம் முன்பே ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர். ஊர்க்காரர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள், விண்கப்பல் ஒன்றைச் செய்து வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

2013ல் புளூட்டோவின் இரண்டு புதிய நிலவுகளுக்குப் பெயர் வைக்க இணையத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் வல்கன் பெயரைச் சொல்ல, சுமார் 1,74,000 ஓட்டுடன் அதுதான் முதலிடம். ஆனால் சர்வதேச வானியல் சங்கம் கெர்பராஸ், ஸ்டிக்ஸ் என்ற பெயர்களைத் தேர்ந்தெடுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, வல்கன் என்ற பெயர் ஏற்கெனவே புதனுக்கு உள்ளே இருப்பதாகக் கருதப்பட்ட கிரகத்துக்கு வைத்தாயிற்று என்பது. இல்லாத கிரகம் இருக்கிற நிலவின் பெயரைத் தட்டிப் பறித்துவிட்டது!

ஸ்பாக்கின் கிரகம் சுற்றுவதாக ரசிகர்கள் ஏற்றுக்கொண்ட நட்சத்திரம் 40 எரிடானி, பூமியிலிருந்து சுமார் 16 ஒளியாண்டு தூரம். 2018ல் நிஜமாகவே அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. பத்திரிகைகள் எல்லாம் வல்கன் கிடைத்துவிட்டது என்று எழுதின. 2024ல் வெளியான ஆய்வு, அது கிரகத்தின் அடையாளம் அல்ல, அந்த நட்சத்திரத்தின் பரப்பிலேயே நடக்கும் கொந்தளிப்பு என்றது.