கப்பலுக்குத் தீனி போட்ட கரிசல்

வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றிய பேச்சில் எப்போதும் முன்னால் வந்து நிற்பது 1907ஆம் ஆண்டு. காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் சுதேசிக் கம்பெனியின் சொத்தாகத் தூத்துக்குடிக்கு வந்த ஆண்டு அது. பள்ளிப் பாடமும் மேடைப் பேச்சும் அந்த வருகையைக் கொண்டாடிவிட்டு, அடுத்த மூச்சில் 1908ஆம் ஆண்டின் சிறைவாசத்துக்குத் தாவிவிடும். இடையில் இருந்த மாதங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பார்வையில் சாதனை அந்த மாதங்களில்தான் இருக்கிறது. பணம் திரட்டினால் கப்பல் வாங்கிவிடலாம். ஆனால் கப்பல், வாங்கிய நாளிலிருந்தே செலவு வைக்கத் தொடங்குகிறது. உழவுமாடு தொழுவத்தில் சும்மா நின்றாலும் தீனி கேட்பது போல அதுவும் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தீனியைப் போட்டது கோவில்பட்டியிலிருந்து ஒட்டப்பிடாரம் வரை விரிந்து கிடக்கும் கரிசல் பூமியின் பொருளாதாரம். அதை வெள்ளைக்காரக் கம்பெனியால் வியாபாரத்தில் மட்டும் முறித்துவிட முடியவில்லை. அரசாங்கத்தின் கையும் தேவைப்பட்டது.

கரிசலுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? வானம் பார்த்த பூமி இது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பருத்திச் செடிக்கு ஈரம் தரும். கருங்கண்ணி, உப்பம் என்ற நாட்டுப் பருத்தி வகைகள் இங்கே விளைந்தன. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கு இங்கிலாந்துச் சந்தையில் தனிப்பெயர் இருந்தது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லிவர்பூலுக்குப் பஞ்சு வரத்து தடைப்பட, இங்கே விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மாட்டுவண்டியில் போன பொதிகள் ரயில் ஏறின. கமிஷன் கடை, அரைவை ஆலை, முன்பணம், வட்டி என்று பஞ்சைச் சுற்றி ஒரு வியாபார வலை பின்னப்பட்டது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்ததும் இந்த மண்ணை நம்பித்தான். பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் கப்பல் கம்பெனி என்று வக்கீலான வ.உ.சி. சொன்னபோது அதைக் காதுகொடுத்துக் கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்றால், பங்கு, லாபம், நஷ்டம் என்ற பேச்சு பஞ்சு வியாபாரத்தின் வழியே இங்கே பழகிப்போயிருந்தது ஒரு முக்கியக் காரணம்.

பஞ்சைவிடக் கப்பலுக்கு நேரடியாகக் காசு தந்தது மனிதர்களின் பயணம். மழை தவறினால் கரிசல் சம்சாரிக்கும் கூலிக்காரருக்கும் ஊரில் வேலை இல்லை. ரயில் வந்த அதே ஆண்டில்தான் 1876–78 பெரும்பஞ்சமும் தொடங்கியது. தென்மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பில் கடை வைத்த வியாபாரிகளும் போக வர இருந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல்தான். அதற்கு முன் சென்னையிலிருந்து வரும் ரயிலையும் கொழும்புக் கப்பலையும் இணைத்த முனை தூத்துக்குடி. ஆகவே அந்தத் தடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட்டத்தின் கட்டணம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜென்ட் ஹார்வி கம்பெனி. 1888இல் அதே ஊரில் கோரல் மில்லைத் தொடங்கியதும் ஹார்விதான். கரிசல் பஞ்சை நூலாக்கும் ஆலையும் கரிசல் மனிதரைக் கடல் கடத்தும் கப்பலும் ஒரே நிர்வாகத்தின் கைக்குள் இருந்தன. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. இறங்கியதைக் கப்பல் கதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாததும் இதனால்தான்.

சுதேசிக் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16 அன்று. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். எட்டயபுரத்துக்காரரான பாரதி தம் ‘இந்தியா’ இதழில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார். தொடக்கத்தில் கப்பல் சொந்தமில்லை, வாடகைக்கு எடுத்தே ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனி நெருக்கியதும் வாடகைக்குத் தந்தவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை எடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. இரவல் கப்பலை எந்த நேரமும் பிடுங்கிவிடலாம் என்ற இந்தப் பாடம்தான் சொந்தக் கப்பலைத் தேட வைத்தது. அது வெறும் தன்மான ஆசையாக இருந்திருந்தால் வாடகைக் கப்பலில் கொடி கட்டியே திருப்தி அடைந்திருக்கலாம்.

ஆனால் சொந்தமாக்கியதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது. தோணி வைத்திருந்தவர்களுக்குப் பராமரிப்பு கைக்கெட்டிய வேலை. கரையேற்றிச் சாய்த்து, ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சுத்திரி வைத்துக் கலப்பத்து அடித்தால் அடுத்த பருவத்துக்குத் தயார். தச்சரும் கலப்பத்துக்காரரும் உள்ளூர்க்காரர்கள். நீராவிக் கப்பல் அப்படியல்ல. நிலக்கரி வாங்க வேண்டும். கொதிகலனில் உப்புப் படியாமல் பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்ற மாலுமியும் இன்ஜினியரும் மாதச் சம்பளத்தில் இருக்க வேண்டும். தூத்துக்குடி அன்று ஆழமில்லாத துறைமுகம். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். கரைக்கே வர முடியாத கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது எப்படி? அதற்கு வேறு துறைமுகத்துக்கும் அந்நியர் பட்டறைக்கும்தான் போக வேண்டும். அங்கே நிற்கும் நாளில் வருமானமும் இல்லை.

கட்டணப் போரை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. பிறகு வெள்ளைக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் பரிசளிக்க முன்வந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு சுதேசிக் கப்பலும் சாதாரண வகுப்பில் 1,300 பேரையும், கூடவே 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியது. எட்டணா வீதம் தளம் நிரம்பினாலும் ஒரு நடைக்கு 650 ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய் என்றால் ஐம்பது பயணிகளின் கட்டணம். இந்த வரவில் நிலக்கரி, சம்பளம், பழுது எல்லாம் நடக்க வேண்டும் என்றால் சரக்குக் கூலியும் புதிய பங்குப் பணமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இலவசப் பயணம் காத்திருந்தும் காசு கொடுத்து ஏறிய பயணியும், லாபம் வருமா என்று தெரியாமலே பங்கு எடுத்த கடைக்காரரும் சேர்ந்துதான் கப்பலை ஓட வைத்தார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். தூத்துக்குடி முத்தும் சங்கும் உப்பும் கண்ட கடற்கரைப் பட்டினம். கப்பல் கம்பெனி அந்த ஊர் வியாபாரிகளுடையது. அதில் கரிசலுக்கு எதற்குப் பங்கு? கடற்கரையின் பங்கை நான் குறைக்கவில்லை. படகோட்டிகளும் துறைமுக வியாபாரிகளும் இல்லாமல் ஒன்றும் நடந்திராது. ஆனால் முத்துக்குளிப்பு நினைத்தபோது நடப்பதல்ல, ஆண்டுக்கணக்கில் நின்றுபோவது. ஆண்டுதோறும் துறைமுகத்துக்குச் சரக்கையும் ஆளையும் அனுப்பியது பின்னிலம். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பாரதி பிறந்த எட்டயபுரமும் கடற்கரை ஊர்கள் அல்ல. பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கி நொடித்தவர். அந்நிய முதலுக்கு எதிரே உள்ளூர் முதல் படும் பாட்டை இந்தப் பகுதி கப்பலுக்கு முன்பே பஞ்சில் பார்த்திருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அரசு தலையிடாவிட்டாலும் கம்பெனி மூழ்கியிருக்கும், இது வியாபாரத் தோல்விதான் என்பது. இதற்கு ஆதாரமும் உண்டு. 1884இல் வங்காளத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் ஏலத்தில் ஒரு கப்பல் கூட்டை ஏழாயிரம் ரூபாய்க்கு எடுத்து, இயந்திரமும் அறைகளும் பொருத்திக் குல்னா–பரிசால் தடத்தில் விட்டார். எதிர்க் கம்பெனியோடு போட்டியில் கட்டணமே இல்லாமல் ஆள் ஏற்றும் நிலை வந்தது. கடைசியில் அவருடைய ‘சுதேசி’ கப்பல் ஹௌரா பாலத்தில் மோதி மூழ்க, எல்லாம் முடிந்தது. 1890களில் டாட்டா, பி. அண்ட் ஓ. கம்பெனிக்கு எதிராகத் தூரகிழக்குத் தடத்தில் கப்பல் விட்டு, சரக்குக் கூலி அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டதும் கைவிட்டார். யாரும் சிறைக்குப் போகாமலே இரண்டும் முடிந்தன. அப்படியானால் தூத்துக்குடியும் அதே வழியில்தான் போயிருக்கும் என்று சொல்லத் தோன்றும்.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. தாகூர் முயற்சி ஒரு குடும்பத்தின் பணம், டாட்டா முயற்சி ஒரு முதலாளியின் கணக்கு. இரண்டிலும் நஷ்டத்தைத் தாங்கும் தோள் ஒன்றுதான். தூத்துக்குடியில் அந்தத் தோள் பங்குகளாகப் பிரிந்து பல ஊர்களில் இருந்தது. அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தவர் வ.உ.சி. அதனால்தான் கட்டணத்தால் முடியாததை அதிகாரம் செய்தது. 1908 மார்ச் 12இல் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பில் இரண்டு ஆயுள் தண்டனைகள். பங்குப் பணம் திரட்ட ஆள் இல்லை. ஆதரவு காட்டியவர்கள் அஞ்சினார்கள். கப்பல்களின் செலவு மட்டும் நிற்கவில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சிறையும் கட்டணமும் தனித்தனிக் காரணங்கள் அல்ல. கப்பலுக்குத் தீனி வரும் வழியை அடைப்பதே சிறையின் வேலை.

இதைச் சோதிக்கப் பின்னால் வந்த ஓர் உதாரணம் உதவும். 1919இல் பம்பாயில் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனி பிழைத்து நிலைத்தது. ஆனால் அதற்கு விலை இருந்தது. 1923இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு செய்த உடன்பாட்டில், கப்பல்களின் மொத்த அளவுக்கு வரம்பு ஏற்றுக்கொண்டு, கரையோரச் சரக்குப் போக்குவரத்தோடு நின்றுகொண்டது. விட்டுக்கொடுத்தது பயணிகள் போக்குவரத்தை. அதாவது வெள்ளைக் கம்பெனி கடைசிவரை பிடி தளர்த்தாத இடத்தில்தான் தூத்துக்குடிக்காரர்கள் பத்தாண்டுக்கு மேல் முன்னதாகவே கை வைத்திருந்தார்கள். கொழும்புக்குப் போகும் கரிசல் கூலிக்காரரின் கட்டணம் ஏகபோகத்துக்கு எவ்வளவு பெரிய வருமானமோ, அவ்வளவு பெரிய போட்டி அது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தம்தான். ஆனால் வரலாற்றை எழுதும்போது இரண்டு கப்பல்களை வாங்கிய ஒரு மனிதரோடு நிறுத்திவிடக் கூடாது. அவற்றை ஓட வைத்த எட்டணாக்களையும், அந்தக் காசு புறப்பட்ட மழை பொய்த்த ஊர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.