பத்துப் பிள்ளைகளும் பதினைந்து பெற்றோரும்



ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் கருநீர் என்பது பொருள். ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில், சாலைகள் கூடும் சிற்றூர் இது. வடக்கே யோங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், கிழக்கே குளுவாங், மேற்கே பத்து பகாட். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் இங்கே நின்று போவது வழக்கம். பயணிகளுக்கு இது பசியாறும் ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கோ, பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் ஏறும் சந்தி.

அந்தச் சந்திக்கு நம் பிள்ளைகள் வந்து சேர்ந்த வரலாற்றையே இன்று நாம் காண இருக்கின்றோம். இதில் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 10, மற்றொன்று 15.

முதலில் 10. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிருவாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். ஆயினும் இங்குள்ள தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. எப்படிப்பட்ட பள்ளிகள்? ஓர் அறை, ஒரு பலகை, ஓர் ஆசிரியர். எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானதும் உண்டு. சில வகுப்புகளோடு படிப்பு முடியும். பிறகு பிள்ளை பெற்றோருடன் பெரட்டுக்குப் போகும். தோட்டத்துப் பள்ளியின் வாசல் கித்தா மரத்தடியில்தான் திறந்தது.

அதே காலத்தில் பட்டணங்களில் வேறு வகைப் பள்ளிகள் வளர்ந்தன. ஜொகூர் பாருவில் 1914இல் ஆங்கிலக் கல்லூரி தொடங்கியது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் அரசாங்க ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. அவை கட்டணம் கேட்டன, ஆங்கிலமும் கேட்டன. தோட்டத் தொழிலாளியிடம் இரண்டும் இல்லை. பத்து பகாட் நமக்கு எட்டாத தூரமன்று. ஆனால் அந்தப் பள்ளி எட்டாத தூரத்தில் இருந்தது.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 1962இல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. எனினும் ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு என்னும் தடை நின்றது. அதில் தவறியவர் பலர். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் வாழ்வு தீர்மானிக்கப்பட்டது.

அந்தத் தடை நீங்கியது 1965இல். நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டு, பிள்ளைகள் மூன்றாம் படிவம் வரை தொடர்ந்து படிக்க வழி பிறந்தது. ஆறாண்டுக் கல்வி ஒன்பதாண்டுக் கல்வியாயிற்று. பால்வெட்டுத் தொழிலாளியின் மகளும் கடைக்காரர் மகனும் ஒரே வகுப்பில் அமரலாம் என்பது நம் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

ஆனால் வாசல் திறந்தால் மட்டும் போதுமா? தமிழில் படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியின் மொழி வேறு. ஆகவே ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருந்தது. நாமும் அந்த வகுப்பில் இருந்தவர்களே. ஆசிரியர் மலாயில் கேட்ட கணக்குக்கு விடை நமக்குத் தமிழில் தெரியும். வாய் மட்டும் திறக்காது. விடை தெரியாதவன் என்று நம்மைக் கடைசி வரிசைக்கு அனுப்பியதும் உண்டு. வீட்டிலோ, "ஒரு வருசம் தவறிட்டியா?" என்று கேட்டார்கள். புகுமுக வகுப்பு தோல்வியன்று, மொழிக்கான பாலம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அந்த ஓராண்டிலேயே புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போன தோழர்களை நாம் மறக்கவில்லை.

தங்கியவர்களைத் தாங்கியது எது? விடியுமுன் அம்மா பெரட்டுக்குப் புறப்படும்போதே நாமும் புறப்படுவோம். மண்சாலையில் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். பஸ்ஸில் மூத்த மாணவர்கள் மலாய்ச் சொற்களைக் கற்றுக்கொடுப்பார்கள். பழைய புத்தகங்கள் கைமாறும். 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரும் துணை. ஆயினும் நமக்கு முதல் பாடநூல் அந்தப் பஸ்தான். மலாய்த் தோழன் பாடக் குறிப்பைக் கொடுப்பான். சீனத் தோழி கணக்கை விளக்குவாள். மாணவர் சமுதாயம் என்பது இப்படித்தான் உருவாகின்றது.

இனி 15. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழி மாற்றம், 1976இல் முதலாம் படிவத்தை எட்டி, 1982இல் ஆறாம் படிவம் வரை சென்றது. இதனிடையே தமிழுக்கு இடம் எங்கே? தாய்மொழி வகுப்பு உண்டு. ஒரு பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்பது சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இதையே சொல்கின்றது.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் இருந்ததால் தோட்டப் பள்ளி வந்தது. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வரும். முன்னதற்குப் பிள்ளைகள் இருந்தாலே போதும். பின்னதற்கோ நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். பதினான்கு குடும்பங்கள் கையொப்பமிட்டு, பதினைந்தாவது குடும்பம் "நமக்கென்ன?" என்றிருந்தால், அந்த வகுப்பைச் சட்டப்படி கேட்கும் உரிமை எல்லோருக்கும் இல்லாமற் போகின்றது. ஒரு பிள்ளை இடையில் நின்றாலும் அப்படியே. ஆகவே ஒரு பிள்ளையின் படிப்பு அந்த வீட்டின் காரியம் மட்டுமன்று.

இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு மாறிவிட்டன. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாகிவிட்டது. காலையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

எனவே, பெற்றோரே, இரண்டு காரியங்கள் செய்யுங்கள். மொழி புரியாமல் திணறும் முதல் ஆண்டில் பிள்ளையை வேலைக்கு அழைக்காதீர்கள். அந்த ஓராண்டைத் தாண்டிவிட்டால் அது தானே நடக்கும். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். நீங்களே அந்தப் பதினைந்தாவது குடும்பமாக இருக்கலாம்.