வெடிகுண்டும் வீதியின் ஓசையும்

திரைப்படத்தைக் கண்ணுக்குரிய கலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நல்ல மர்மப் படமொன்றின் ஆரம்பத்தில் நெஞ்சு படபடப்பதற்குக் கண்ணைவிடக் காதே பெரிதும் காரணமாகிறது. திரைப்பட வரலாற்றிலிருந்து இரண்டு படங்களைக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதலாவது, ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் 1931 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எம்’. அதுவே அவரது முதலாவது பேசும்படம். கிடைத்த புதுக் கருவியை அவர் சிக்கனமாகவே கையாண்டார். பின்னணி இசை கிடையாது. சிறுவர்கள் வட்டமாக நின்று விளையாட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள்; பாட்டில் வருபவனோ ஒரு கொலைகாரன். வீட்டில் ஒரு தாய் மகளுக்காக உணவு மேசையை ஒழுங்கு செய்கிறாள். கடிகாரம் நண்பகலை அறிவிக்கிறது. வீதியில் அந்தச் சிறுமி, கொலைகாரனைப் பற்றிய அறிவித்தல் ஒட்டிய தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். அறிவித்தலின்மேல் ஒரு நிழல் விழுகிறது. முகம் நமக்குக் காட்டப்படவில்லை. அவன் சீழ்க்கையடிக்கும் மெட்டு கேட்கிறது. பின்னர் “எல்சி! எல்சி!” என்ற தாயின் குரல் வெறும் மாடிப்படியிலும், யாருமற்ற பரணிலும், தொடப்படாத தட்டின் மீதும் ஒலிக்கிறது. குரல் ஓய்ந்ததும் பற்றைக்குள்ளிருந்து பந்து உருண்டு வருகிறது. பலூன் கம்பிகளிற் சிக்குகிறது. கொலை காட்டப்படவேயில்லை. காட்டியிருந்தால் ஒருமுறை அதிர்ந்திருப்போம். காட்டாததால் அந்தத் தாயோடு சேர்ந்து நாமும் காத்திருந்தோம்.

இரண்டாவது, ஓர்சன் வெல்ஸ் அமெரிக்காவில் இயக்கி 1958 இல் வெளிவந்த ‘டச் ஒஃப் ஈவில்’. வெல்ஸ் வானொலியிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிடலாகாது. 1938 ஒக்டோபர் 30 ஆம் திகதி, செவ்வாய்க் கிரகத்தார் படையெடுக்கும் கதையைச் செய்தி அறிக்கைபோல ஒலிபரப்பி, கேட்டோரிற் சிலரை உண்மையிலேயே கலங்கச் செய்தவர் அவர்.

இப்படத்தின் முதற் காட்சி மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டின்றி ஓடுகிறது. ஒரு கை வெடிகுண்டின் நேரத்தைத் திருப்பிவைக்கிறது. குண்டு ஒரு காரின் பின்பெட்டிக்குள் போகிறது. இருவர் ஏறிக் காரைச் செலுத்துகின்றனர். கமரா உயர்ந்தும் தாழ்ந்தும் மெக்சிக்கோ எல்லை நகரமொன்றின் வீதியால் நகர்கிறது. புதுமணத் தம்பதியர் காருக்கு முன்னும் பின்னுமாக நடந்து செல்கின்றனர். குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எல்லைச் சாவடியில், தன் தலைக்குள் ஏதோ ‘டிக் டிக்’ என்கிறது என்று காரிலிருக்கும் பெண் முறையிடுகிறாள். அதை ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

இக்காட்சிக்கு வெல்ஸ் விரும்பியது தனி இசையை அன்று. ஒவ்வொரு மதுச்சாலை வாசலிலிருந்தும் வழியும் பாட்டு, காரின் வானொலி, சனச் சந்தடி, இவையே போதும் என்பது அவர் எண்ணம். படநிறுவனமோ ஹென்றி மன்சினியின் இசையையும் எழுத்தோட்டத்தையும் அதன்மேல் ஏற்றியது. 1957 டிசம்பரில் வெல்ஸ் 58 பக்கங்களில் தம் திருத்தங்களை எழுதி அனுப்பினார். அவற்றிற் பெரும்பாலானவை ஏற்கப்படவில்லை. 1985 இல் அவர் காலமானார்.

1998 இல்தான், அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வால்டர் மேர்ச் படத்தை மீண்டும் தொகுத்தார். எழுத்துகள் அகன்றன, வீதி பேசத் தொடங்கியது. இப்போது கார் கண்ணுக்கு மறைந்தாலும் அதன் வானொலி அருகில் வந்து விலகுவது கேட்கிறது. மரணம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைக் காதே அளந்து சொல்கிறது.

மன்சினியின் இசை நல்ல இசையே. ஆயினும் ‘பயப்படு’ என்று அது நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வீதியின் ஓசை அப்படி எதையும் சொல்வதில்லை. வழமைபோலப் பாடுகிறது, சிரிக்கிறது, வியாபாரம் செய்கிறது. அழிவு அருகில் நிற்கையில் வாழ்க்கை அதை அறியாமல் நடந்துகொண்டிருப்பதே உண்மையான அச்சம். வெல்ஸ் 58 பக்கங்களில் வாதாடியவற்றுள் இந்தச் சாதாரண ஓசையும் ஒன்று. அது கேட்பதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. கேட்க அவர்தான் இருக்கவில்லை.