பெண் வரும்போது ஒருவர், மணமக்கள் போகும்போது ஒருவர்



கல்யாண வீட்டில் மண்டபம், சாப்பாடு, பத்திரிகை எல்லாம் முடிவான பிறகுதான் "என்ன பாட்டு வைப்பது?" என்ற பேச்சு வரும். தேவாலயத் திருமணம் என்றால் பெரும்பாலும் அதிகம் யோசிப்பதில்லை. மணப்பெண் தந்தையின் கைபிடித்து உள்ளே வரும்போது மெதுவாக ஓர் இசை. எல்லாம் முடிந்து மணமக்கள் வெளியே போகும்போது முழக்கமாக இன்னோர் இசை. சினிமாவில் பார்த்தவர்களுக்குக்கூட இரண்டும் காதில் ஒலிக்கும். இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

வெளியே போகும்போது வாசிப்பது பெலிக்ஸ் மெண்டல்சன் இயற்றியது. அவர் 1809இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். ஷேக்ஸ்பியரின் 'ஒரு கோடைக்கால இரவுக் கனவு' நாடகத்தை மேடையேற்ற, பிரஷ்ய மன்னரின் விருப்பப்படி 1842இல் அவர் அமைத்த இசையில் இதுவும் ஒன்று. நாடகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் மணக்கும் இடத்தில் வரும். 1858 ஜனவரி 25ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசரை லண்டனில் மணந்தபோது இது வாசிக்கப்பட்டது. அரண்மனையில் நடந்தால் போதாதா? ஊரெல்லாம் அதையே கேட்க ஆரம்பித்தது.

பெண் உள்ளே வரும்போது வாசிப்பது ரிச்சர்ட் வாக்னருடையது. 'லோஹென்கிரின்' என்ற இசை நாடகத்தில் வருவது. 1850 ஆகஸ்ட் 28இல் வைமர் நகரில் ஃப்ரான்ஸ் லிஸ்ட் அதை முதன்முதலில் நடத்தினார். டிரெஸ்டன் கிளர்ச்சியில் சேர்ந்ததால் நாட்டைவிட்டு ஓடியிருந்த வாக்னரால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாடகத்தின் கதையைக் கேளுங்கள். தம்பியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட எல்சா என்ற பெண்ணைக் காப்பாற்ற, அன்னம் இழுக்கும் படகில் ஒரு வீரன் வருகிறான். அவளை மணக்கவும் சம்மதிக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை: என் பெயரையோ ஊரையோ எப்போதும் கேட்கக் கூடாது. திருமணம் முடிந்து இருவரையும் மணவறைக்கு அழைத்துச் செல்லும்போது பாடுவதுதான் இந்தப் பாட்டு. அன்றிரவே எல்சா கேட்டுவிடுகிறாள். அவன் பிரிந்து போகிறான். அவள் இறந்துவிடுகிறாள். ஒரு நாள்கூட நிலைக்காத திருமணம்!

இதைவிடக் கசப்பானது அடுத்தது. நாடகம் அரங்கேறிய மறுமாதமே, 1850 செப்டம்பரில், லைப்சிக் நகரத்து இசை இதழில் வாக்னர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். யூதர்களால் உண்மையான இசையைப் படைக்கவே முடியாது என்பது அதன் சாரம். அதில் அவர் பெயர் சொல்லித் தாக்கியவர்களில் ஒருவர் மெண்டல்சன். அவர் 1847லேயே காலமாகிவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. 1869இல் அதே கட்டுரையை வாக்னர் தம் சொந்தப் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டார்.

அந்த வெறுப்பு ஏட்டோடு நிற்கவில்லை. நாஜிகள் ஆட்சியில் மெண்டல்சனின் இசை ஒதுக்கப்பட்டது. அவர் இசைக்குழு நடத்திய லைப்சிக் நகரில் இருந்த அவருடைய சிலையை 1936இல் அகற்றினார்கள். 2008இல்தான் அதைப் போலவே வேறொரு சிலையை அங்கே வைத்தார்கள். இன்றும் யூதர்களில் பலர் தங்கள் திருமணத்தில் வாக்னரின் இசையை வைப்பதில்லை.

பழித்தவரும் பழிக்கப்பட்டவரும் இன்று ஒரே திருமணத்தில், ஒரு மணி நேர இடைவெளியில் ஒலிக்கிறார்கள். இசை வெறுப்பை வென்றுவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். மறந்துபோவதும் மன்னிப்பதும் ஒன்றல்ல.

நம் ஊரில் மாப்பிள்ளையின் பெயர், ஊர், படிப்பு, சம்பளம், தாத்தா பெயர் வரை விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டோம். ஆனால், 'பெயரையும் ஊரையும் கேட்காதே' என்ற கதையிலிருந்து வந்த பாட்டை, அதன் பெயரையும் ஊரையும் கேட்காமலேயே வைத்துவிடுகிறோம்.

வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பெண் நடந்துவர நம் தமிழ்க் கீர்த்தனைகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களின் பொருளும் புரியும்.

உங்கள் வீட்டுத் திருமணத்தில் என்ன இசை வைத்தீர்கள்? அதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.